மார்பு அறுவை சிகிச்சையும் இரத்தத்தில் புகும் காற்றுக்குமிழும்: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

இதயம், நுரையீரல், அவற்றைச் சார்ந்த பெரிய இரத்தக் குழாய்கள் ஆகியவற்றில் அறுவை சிகிச்சை செய்யும்போதோ, அதன்பின் நோயாளி வார்டில் தங்கியிருக்கும் நாட்களிலோ, இரத்த ஓட்டத்தினுள் காற்று புகுந்து இரத்தக் குழாயை அடைப்பது காற்றுக்குமிழ் அடைப்பு எனப்படும். மருத்துவமனையில் இதனை ‘ஏர் எம்பாலிசம்’ என்று குறிப்பிடுவர். இது அரிதாகவே நிகழ்கிறது. ஆயினும், நிகழ்ந்தால் சில நிமிடங்களுக்குள் இதயத்தையும் மூளையையும் பாதிக்கக்கூடியது.

அறுவை அரங்கினுள் இந்த ஆபத்தைத் தடுப்பது முழுவதும் மருத்துவக் குழுவின் பொறுப்பு. நோயாளி வார்டுக்கு வந்த பின் அந்தக் காவலில் ஒரு பங்கு உங்களுக்கும் உண்டு. கழுத்தில் பொருத்தப்பட்ட குழாயை யாரும் தேவையின்றித் தொடாமல் பார்த்துக்கொள்வது, அக்குழாய் அகற்றப்படும்போது நோயாளி படுத்த நிலையில் இருப்பதை உறுதிசெய்வது, திடீர் மாற்றம் எதுவாயினும் அந்த நிமிடமே தெரிவிப்பது ஆகிய மூன்றும் உங்கள் கையில் உள்ளவை. இப்பக்கம் அவற்றை விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• காற்றுக்குமிழ் அடைப்பு அரிதானது, பெரும்பாலும் தடுக்கக்கூடியது.
• கழுத்து அல்லது தோள்பட்டைப் பகுதியில் உள்ள பெரிய குழாயை (சென்ட்ரல் லைன்) நோயாளி அமர்ந்திருக்கும்போது அகற்றக் கூடாது.
• குழாயின் மூடி கழன்றாலோ குழாய் வெளியே வந்துவிட்டாலோ, திறந்த இடத்தை உடனே அடைத்து, நோயாளியைப் படுக்க வைத்து, செவிலியரை அழையுங்கள்.
• திடீர் மூச்சுத்திணறல், மார்பு வலி, மயக்கம், வலிப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை அவசர அறிகுறிகள்.
• கையில் ஏறும் சலைன் குழாயில் தெரியும் ஓரிரு சிறு குமிழ்கள் பெரியவர்களுக்குப் பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு இது பொருந்தாது.

காற்றுக்குமிழ் இரத்தத்தில் என்ன செய்கிறது?

உடலிலிருந்து ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம் சிரைகள் வழியாக இதயத்தின் வலப்பக்கத்தை அடைகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குச் சென்று ஆக்ஸிஜன் பெற்று, இதயத்தின் இடப்பக்கத்துக்குத் திரும்புகிறது. பின்னர் தமனிகள் வழியாக மூளை, இதயத் தசை, சிறுநீரகம் முதலிய உறுப்புகளுக்குப் பாய்கிறது. காற்று இந்தச் சுற்றில் எந்தப் பக்கம் புகுகிறது என்பதைப் பொறுத்தே அதன் விளைவு அமையும்.

சிரைப்பக்கம் புகும் காற்று: இது இதயத்தின் வலப்பக்கத்துக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் செல்கிறது. சிறிய அளவாயின், நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதனை வடிகட்டி, மூச்சின் வழியே சிறிது சிறிதாக வெளியேற்றிவிடும். பெரிய அளவு காற்று விரைவாகப் புகுந்தால், வலது கீழறையில் நுரையாகத் தங்கிவிடும். இதயம் சுருங்கும்போது நுரை அமுங்குமே தவிர, இரத்தம் முன்னோக்கி நகராது. இரத்த அழுத்தம் சரிந்து இதயம் நின்றுவிடக்கூடும். பெரியவர் ஒருவருக்கு சுமார் 200 முதல் 300 மி.லி. காற்று விரைவாகப் புகுவது உயிரைப் பறிக்கக்கூடியது என மதிப்பிடப்பட்டுள்ளது. ஏற்கெனவே இதயமோ நுரையீரலோ பலவீனமாக உள்ளவர்களுக்கு இதைவிடக் குறைந்த அளவும் ஆபத்தானது.

தமனிப்பக்கம் புகும் காற்று: இதற்கு நுரையீரல் என்ற வடிகட்டி இல்லை. இதயத்தின் இடப்பக்கத்தில் உள்ள குமிழ் நேராக மூளைக்கோ இதயத் தசைக்கோ செல்லும். எனவே இங்கு அளவு மிகச் சிறியதாக இருந்தாலும் போதும். இதயத் தமனியில் ஒரு மி.லி.க்கும் குறைவான காற்று சென்றாலும் இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். மூளைக்குச் செல்லும் சில மி.லி. காற்று பக்கவாதத்தையோ வலிப்பையோ ஏற்படுத்தலாம்.

சிரைப்பக்கம் புகுந்த காற்று தமனிப்பக்கம் கடந்துவிடுவதும் உண்டு. இதயத்தின் இரு மேலறைகளுக்கும் இடையே, தாயின் வயிற்றில் இருக்கும்போது ஒரு சிறு வழி இருக்கும். பிறந்த பின் அது மூடிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவருக்கு அது முழுமையாக மூடுவதில்லை. சாதாரண வாழ்வில் இதனால் தொல்லை இராது. பலருக்கு இது இருப்பதே தெரியாது. ஆனால் இதயத்தின் வலப்பக்க அழுத்தம் உயரும்போது, குமிழ்கள் இந்த வழியே இடப்பக்கம் சென்றுவிடக்கூடும்.

மார்பு அறுவை சிகிச்சையில் காற்று எவ்வாறு புகுகிறது?

இரண்டு நிலைமைகள் ஒருங்கே அமைந்தால் காற்று புகும். முதலாவது, இரத்தக் குழாய்க்கும் வெளிக்காற்றுக்கும் இடையே ஒரு திறப்பு. இரண்டாவது, காற்றை உள்ளே இழுக்கும் அல்லது தள்ளும் அழுத்த வேறுபாடு. மார்பு அறுவையில் இவ்விரண்டும் பல வழிகளில் அமைகின்றன.

1. இதய அறைகளைத் திறக்கும் அறுவை: வால்வு மாற்றுதல், இதயத்தில் உள்ள ஓட்டையை மூடுதல் போன்ற அறுவைகளில் இதயத்தின் உட்புறம் திறக்கப்படுகிறது. அப்போது இரத்தம் இருந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. இதயத்தை மூடித் தைத்த பின்னும் அறைகளின் மூலைகளிலும் தசை மடிப்புகளிலும் காற்று தங்கியிருக்கலாம். அதை வெளியேற்றிய பிறகே இதயத்தை மீண்டும் முழுமையாக இயங்க விடுவர். அறைகள் திறக்கப்படாத பைபாஸ் அறுவையில் இந்த வாய்ப்பு குறைவு.

2. இதய–நுரையீரல் இயந்திரம்: இதயம் நிறுத்தப்பட்டிருக்கும் நேரத்தில் இந்த இயந்திரமே இரத்தத்தை உடலுக்குச் செலுத்துகிறது. இதன் கலனில் இரத்தம் வற்றினாலோ இணைப்பு ஏதேனும் தளர்ந்தாலோ, காற்று தமனிக்குள் செலுத்தப்படும் அபாயம் உண்டு.

3. நுரையீரல் அறுவையும் மார்புக் காயமும்: நுரையீரலில் காற்றுக் குழாயும் இரத்தக் குழாயும் அருகருகே கிளைத்துச் செல்கின்றன. கிழிசலால் இரண்டும் ஒன்றோடொன்று திறந்துவிட்டால், வெண்டிலேட்டர் அழுத்தத்துடன் செலுத்தும் காற்று நுரையீரல் சிரைக்குள் புகலாம். அந்தச் சிரை இதயத்தின் இடப்பக்கத்துக்கே செல்வதால் மூளை உடனடியாகப் பாதிக்கப்படும். கத்திக்குத்து, வாகன விபத்து போன்றவற்றால் மார்பில் ஆழ்ந்த காயமடைந்தவர்களிடம் மருத்துவர்கள் இதனைக் குறிப்பாக எதிர்பார்த்துக் கவனிப்பர்.

4. நுரையீரலில் ஊசி வழிச் சதைப் பரிசோதனை: சி.டி. ஸ்கேன் உதவியுடன் நுரையீரல் கட்டியிலிருந்து ஊசி மூலம் மாதிரி எடுக்கும்போதும், மிக அரிதாக, இதே முறையில் காற்று புகலாம். ஊசி உள்ளே இருக்கும்போது இருமவோ பேசவோ ஆழ்ந்து மூச்சிழுக்கவோ கூடாது என்று அறிவுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. சிறுதுளை அறுவை: கேமரா மூலம் செய்யப்படும் சில மார்பு அறுவைகளில், இடவசதிக்காக மார்புக் கூட்டினுள் வாயு செலுத்தப்படுகிறது. இதற்குக் கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்தப்படுகிறது. இது காற்றைவிடப் பல மடங்கு எளிதாக இரத்தத்தில் கரைந்து, மூச்சின் வழியே வெளியேறிவிடும். எனினும், பெருமளவு நேராகச் சிரைக்குள் புகுந்தால் இதுவும் ஆபத்தே.

6. சென்ட்ரல் லைன்: மருந்து செலுத்தவும் அழுத்தத்தை அளக்கவும் கழுத்து அல்லது தோள்பட்டையின் பெரிய சிரையில் பொருத்தப்படும் குழாய் இது. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பினுள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. அமர்ந்த அல்லது நின்ற நிலையில், இதயத்துக்கு மேலே இருக்கும் கழுத்துச் சிரையிலும் அழுத்தம் குறைந்திருக்கும். அந்நேரத்தில் குழாய் திறந்திருந்தால் காற்று உறிஞ்சப்படும். 14 கேஜ் அளவுள்ள ஊசித் துளை வழியே, வெறும் 5 செ.மீ. நீரளவு அழுத்த வேறுபாட்டிலேயே, ஒரு நொடியில் சுமார் 100 மி.லி. காற்று புக முடியும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஓரிரு மூச்சில் ஆபத்தான அளவை எட்டிவிடலாம் என்பதே இதன் பொருள்.

முதல் ஐந்தும் மருத்துவர்களின் கண்காணிப்பில் இருக்கும்போது நிகழக்கூடியவை. ஆறாவது, நோயாளி கண்விழித்து, பேசி, கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும் நாட்களிலும் தொடரும் ஆபத்து. ஆகவேதான் உங்கள் கவனம் அங்கு தேவைப்படுகிறது.

அறுவை அரங்கில் மேற்கொள்ளப்படும் பாதுகாப்பு

திறந்த இதய அறுவையின் வரலாற்றில் காற்றுக்குமிழைத் தடுப்பது தொடக்கம் முதலே ஒரு பெரும் சவாலாக இருந்தது. 1953 மே 6 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டாக்டர் ஜான் கிப்பன் இதய–நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் முதன்முதலாக வெற்றிகரமான திறந்த இதய அறுவையைச் செய்தார். 1955இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு டிவால், வால்டன் லில்லிஹை ஆகியோர் இரத்தத்தினூடே ஆக்ஸிஜனைக் குமிழ்களாகச் செலுத்தும் எளிய கருவியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். அதிலிருந்து வெளிவரும் இரத்தத்தைச் சுருள் வடிவக் குழாயில் மெல்ல இறங்கச் செய்து, குமிழ்களைப் பிரித்தனர். இன்றைய கருவிகளில் இரத்தமும் வாயுவும் நேரடியாகக் கலப்பதில்லை. இடையே ஒரு மெல்லிய சவ்வு உள்ளது.

இன்று பின்பற்றப்படும் முக்கிய நடவடிக்கைகள்:

• இயந்திரத்தில் குமிழ் உணரி, இரத்த அளவு குறைந்தால் எச்சரிக்கும் கருவி, தமனிக் குழாயில் வடிகட்டி ஆகியவை பொருத்தப்படுகின்றன. இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் அறுவை முடியும் வரை அதன் அருகிலேயே இருப்பார்.
• அறுவை நடக்கும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு வாயு மெல்லப் பரப்பப்படுகிறது. அது காற்றைவிடக் கனமானது. எனவே காற்றை விலக்கி அந்த இடத்தை நிரப்பும். உள்ளே தங்கினாலும் விரைவில் கரைந்துவிடும்.
• இதயத்தை மூடும் முன், நுரையீரலை விரித்து, அங்குள்ள இரத்தத்தை இதய அறைகளுக்குள் வரச்செய்து, காற்றை வெளியேற்றுவர். மகாதமனியில் பொருத்தப்பட்ட சிறு வடிகுழாய் எஞ்சிய குமிழ்களை உறிஞ்சும்.
• உணவுக்குழாய் வழியாகச் செலுத்தப்படும் எக்கோ கருவி, இதய அறைகளில் குமிழ்கள் உள்ளனவா என்பதை நேரடியாகக் காட்டும்.
• மயக்கவியல் மருத்துவர், வெளிமூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவைத் தொடர்ந்து கவனிப்பார். அது திடீரெனச் சரிவது நுரையீரலுக்கு இரத்தம் செல்வது தடைபட்டிருப்பதைக் குறிக்கலாம்.

இத்தனைக்குப் பின்னும் மிகச் சிறு குமிழ்கள் எஞ்சுவது உண்டு. மல்லாந்து படுத்திருப்பவரின் உடலில் வலது இதயத் தமனியின் வாய் மேற்பக்கம் அமைந்திருப்பதால், மேலே எழும் குமிழ் அதனுள் செல்ல வாய்ப்பு அதிகம். இதனால் இதய வரைபடத்தில் தற்காலிக மாற்றம் தோன்றி, பெரும்பாலும் சிறிது நேரத்தில் சரியாகிவிடும்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

• இதயத்தின் இரு பக்கங்களுக்கும் இடையே ஓட்டை உள்ளவர்கள். குறிப்பாகப் பிறவியிலேயே நீலம் பாரிக்கும் குழந்தைகள்
• உடலில் நீர்ச்சத்து குறைந்தவர்கள், அதிக இரத்தம் இழந்தவர்கள்
• வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிடுபவர்கள், தொடர்ந்து இருமுபவர்கள்
• கடுமையான நுரையீரல் நோய் உள்ளவர்கள்
• சென்ட்ரல் லைன் அல்லது டயாலிசிஸ் குழாய் பொருத்தப்பட்டவர்கள்

அறிகுறிகள்

வார்டில் உள்ள நோயாளியிடம் பின்வருவன திடீரெனத் தோன்றினால், குறிப்பாகக் குழாயைக் கையாண்ட அல்லது அகற்றிய சில நிமிடங்களில் தோன்றினால், உடனே தெரிவியுங்கள்:

• மூச்சுத்திணறல், மூச்சை இழுத்து இழுத்து விடுதல், திடீர் இருமல்
• மார்பு வலி அல்லது மார்பில் இறுக்கம்
• உதடும் நகமும் நீலம் பாரித்தல். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அளவு சட்டென்று குறைதல்
• ‘ஏதோ ஆகப்போகிறது’ என்ற கடும் அச்சம்
• தலைசுற்றல், மயக்கம், நாடித்துடிப்பு மிக வேகமாதல் அல்லது தளர்தல்
• குழப்பமான பேச்சு, பார்வை மங்குதல், வலிப்பு
• முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல்

அறுவையின்போது மூளைக்குக் காற்று சென்றிருந்தால், மயக்க மருந்தின் வேகம் குறைந்த பின்னும் நோயாளி எதிர்பார்த்த நேரத்தில் விழிக்காதிருப்பதே முதல் அறிகுறியாக இருக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியைக் காண அனுமதிக்கப்படும்போது, அவர் உங்களை அடையாளம் காண்கிறாரா, இரு கைகளையும் ஒரே அளவு அசைக்கிறாரா என்று கவனியுங்கள். அவரது இயல்பை நன்கு அறிந்தவர் நீங்கள். உங்களுக்கு வேறுபாடு தெரிந்தால், சிறியதாயினும் சொல்லுங்கள்.

இந்த அறிகுறிகள் வேறு காரணங்களாலும் வரலாம். இரத்தக் கட்டி அடைப்பு, மாரடைப்பு, சர்க்கரை குறைதல், மருந்தின் விளைவு என அவை பல. காரணத்தைக் கண்டறிவது மருத்துவரின் பணி. தாமதமின்றித் தெரிவிப்பதே உங்கள் பணி.

சென்ட்ரல் லைன் உள்ள நாட்களில் செய்ய வேண்டியவையும் கூடாதவையும்

செய்ய வேண்டியவை:

• நோயாளியைத் திருப்பும்போதும், எழுப்பி அமர்த்தும்போதும், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும்போதும், குழாய் எதிலும் சிக்கி இழுபடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். குழாயோடு நோயாளியை நடத்திச் செல்லும் முன் செவிலியரிடம் கேளுங்கள்.
• மூடிகளும் இணைப்புகளும் இறுகியிருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். தளர்ந்ததுபோல் தெரிந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள்.
• குழாயைச் சுற்றியுள்ள கட்டு நனைந்தாலோ பிரிந்தாலோ தெரிவியுங்கள்.
• சட்டை, புடவை, போர்வை மாற்றும்போது குழாய் இருக்கும் பக்கத்தைக் கடைசியாகத் தொடுங்கள், அவசரப்பட வேண்டாம்.

செய்யக் கூடாதவை:

• மூடியைத் திறக்கவோ, இணைப்பைக் கழற்றவோ, திருகு வால்வைத் திருப்பவோ வேண்டாம். மருந்து தீர்ந்து கருவி ஒலித்தாலும் செவிலியர் வரும்வரை காத்திருங்கள்.
• சலைன் வேகமாக இறங்கட்டும் என்று பாட்டிலை அழுத்திப் பிழியாதீர்கள். திரவம் தீர்ந்தபின் அதில் உள்ள காற்றும் உள்ளே தள்ளப்படலாம்.
• சிறு கத்தரிக்கோல், பிளேடு போன்றவற்றால் கட்டுகளை நீங்களே வெட்டாதீர்கள்.

குழாய் அகற்றப்படும் நேரம்

பல நாட்களாகக் கழுத்தில் இருந்த குழாயை எடுக்கப் போகிறார்கள் என்றதும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி பிறக்கும்; கவனம் தளரும். ஆபத்து கூடும் நேரமும் இதுவே. குழாய் இருந்த தடம் உடனே மூடிக்கொள்வதில்லை. அதன் வழியே காற்று உறிஞ்சப்படலாம்.

சரியான முறை இது:

1. நோயாளி தட்டையாகவோ, தலைப்பகுதி சற்றுத் தாழ்ந்தவாறோ படுத்திருக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்த நிலையிலோ, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திய நிலையிலோ அகற்றக் கூடாது. மூச்சுத்திணறலால் தட்டையாகப் படுக்க இயலாதவராயின், மருத்துவர் மாற்று வழியை முடிவு செய்வார்.
2. குழாயை இழுக்கும் தருணத்தில், நோயாளி மூச்சை அடக்கிச் சற்று முக்க வேண்டும் அல்லது மூச்சை வெளிவிட வேண்டும். அந்நேரம் மூச்சை உள்ளிழுக்கக் கூடாது. இதை முன்கூட்டியே ஓரிரு முறை பழகிக்கொள்வது நல்லது.
3. குழாய் வந்தவுடன், அந்த இடம் குறைந்தது 5 நிமிடம் அழுத்திப் பிடிக்கப்படும்.
4. காற்றுப் புகாத கட்டு போடப்படும். அதைக் குறைந்தது 24 மணி நேரம் பிரிக்கக் கூடாது.
5. அதன்பின் சுமார் 30 நிமிடம் நோயாளி படுத்தே இருக்க வேண்டும். உடனே எழுந்து அமர்வதோ குளிக்கச் செல்வதோ கூடாது.

நோயாளி அமர்ந்திருக்கும்போதே குழாயை எடுக்க யாரேனும் முற்பட்டால், “படுக்க வைத்துவிட்டு எடுக்கலாமா?” என்று கேளுங்கள். மருத்துவரிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். பணிச்சுமை மிகுந்த வார்டில் இந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும். நல்ல மருத்துவரும் செவிலியரும் இதனை வரவேற்பர்.

குழாய் திறந்துவிட்டால் அல்லது வெளியே வந்துவிட்டால்

• மூடி கழன்றிருந்தால், உடலுக்கு அருகில் குழாயை மடித்து இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.
• குழாய் முழுவதும் வெளியே வந்துவிட்டால், அது இருந்த துளையைச் சுத்தமான துணியால் அல்லது கையால் அழுத்தி மூடுங்கள். வந்த குழாயை மீண்டும் உள்ளே செலுத்தாதீர்கள்.
• தலையணையை எடுத்துவிட்டு, நோயாளியைத் தட்டையாகப் படுக்க வையுங்கள்.
• குரல் கொடுத்து உதவிக்கு அழையுங்கள். நோயாளியை விட்டு விலகாதீர்கள்.
• செவிலியர் வந்ததும் என்ன நடந்தது, எத்தனை நிமிடம் ஆனது என்பதைச் சொல்லுங்கள். தவறுதலாக உங்கள் கை பட்டிருந்தாலும் மறைக்காதீர்கள். சிகிச்சைக்கு அந்தத் தகவலே முதல் துணை.

சிகிச்சை

காற்று மேலும் புகாமல் தடுப்பதே முதல் வேலை. அறுவை அரங்கில் திறந்த இடம் உப்புநீரால் நிரப்பப்படும். வார்டில் குழாய் மூடப்படும். அதனுடன் பின்வருவன மேற்கொள்ளப்படும்:

• 100 சதவீத ஆக்ஸிஜன்: காற்றுக்குமிழில் பெரும்பகுதி நைட்ரஜன். தூய ஆக்ஸிஜனைச் சுவாசிக்கும்போது அந்த நைட்ரஜன் இரத்தத்துக்குள் கரைந்து வெளியேறி, குமிழ் சுருங்குகிறது. மயக்க மருந்தாக நைட்ரஸ் ஆக்சைடு தரப்பட்டிருந்தால் உடனே நிறுத்தப்படும். அது குமிழைப் பெரிதாக்கும்.
• படுக்கும் நிலை: சிரைப்பக்கக் காற்றாயின், இடப்பக்கமாகச் சாய்த்து, தலையைத் தாழ்த்திப் படுக்க வைப்பர். 1947இல் டாக்டர் டூரன்ட் விவரித்த முறை இது. காற்று வலது கீழறையின் வாயிலிலிருந்து விலகி நிற்க இது உதவும். காற்று மூளைக்குச் சென்றிருந்தால் தட்டையாகப் படுக்க வைப்பர். நெடுநேரம் தலையைத் தாழ்த்துவது மூளை வீக்கத்தை அதிகரிக்கலாம். மார்பெலும்பு பிளந்து தைக்கப்பட்டவரைப் பக்கவாட்டில் திருப்புவதற்குப் பயிற்சி தேவை. அதைச் செவிலியரிடம் விட்டுவிடுங்கள்.
• சென்ட்ரல் லைன் இருந்தால், அதன் வழியே காற்றை உறிஞ்சி எடுக்க முயல்வர்.
• இரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்துகளும் திரவங்களும் தரப்படும். இதயம் நின்றால் மார்பு அழுத்தச் சிகிச்சை தொடங்கப்படும்.
• உயரழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சை: மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு, அழுத்தம் கூட்டப்பட்ட அறையில் ஆக்ஸிஜன் தரப்படலாம். அழுத்தம் குமிழைச் சிறிதாக்கும். முதல் 6 மணி நேரத்துக்குள் தொடங்குவது கூடுதல் பயன் தரும். இவ்வசதி சில மையங்களில் மட்டுமே உள்ளது. நோயாளியை இடம் மாற்றுவது பாதுகாப்பானதா என்பதை மருத்துவக் குழு முடிவு செய்யும்.

வீண் அச்சம் வேண்டாதவை

சலைன் குழாயில் குமிழ்: கையில் ஏறும் சலைனில் ஓரிரு சிறு குமிழ்களைக் கண்டு பலர் இரவெல்லாம் விழித்திருக்கின்றனர். பெரியவர்களுக்கு இச்சிறு அளவை நுரையீரல் வடிகட்டிவிடும். ஆனால் குழாயின் நீண்ட பகுதி காற்றாகத் தெரிந்தாலோ, அது சென்ட்ரல் லைனோடு இணைந்திருந்தாலோ செவிலியரிடம் காட்டுங்கள். பிறவி இதய ஓட்டையுள்ள குழந்தைக்கு எந்த அளவுக் குமிழாயினும் தெரிவிக்க வேண்டும்.

மார்புக் குழாய் பாட்டிலில் குமிழ்: அறுவைக்குப் பின் விலாப் பகுதியிலிருந்து வரும் குழாயின் முனை நீருள்ள பாட்டிலில் இருக்கும். அதில் குமிழ் வருவது நுரையீரலைச் சுற்றித் தேங்கிய காற்று வெளியேறுவதைக் காட்டுகிறது. அது இரத்தத்தில் உள்ள காற்று அன்று. மூச்சுக்கு ஏற்ப நீர்மட்டம் ஏறி இறங்குவதும் இயல்பே. பாட்டிலை எப்போதும் மார்பு மட்டத்துக்குக் கீழே, நிமிர்ந்த நிலையில் வையுங்கள். நீங்களாகக் குழாயைக் கிளிப் போட்டு அடைக்காதீர்கள். குமிழ்கள் திடீரென மிகுந்தாலோ, மூச்சுத்திணறல் தோன்றினாலோ தெரிவியுங்கள்.

தோலுக்கடியில் காற்று: கழுத்திலோ மார்பிலோ வீங்கி, தொட்டால் நறநறவென்ற உணர்வு இருந்தால், அது தோலுக்கடியில் சேர்ந்த காற்று. இதுவும் இரத்தத்தில் உள்ள காற்று அன்று. எனினும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் பேச வேண்டியவை

ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன் பின்வருவனவற்றைத் தெரிவியுங்கள்: இதயத்தில் ஓட்டை இருப்பதாக முன்பு கூறப்பட்டதா, பக்கவாதம், வலிப்பு வந்ததுண்டா, நாட்பட்ட இருமல், ஆஸ்துமா, காசநோய் இருந்ததா, முந்தைய அறுவையில் இத்தகைய சிக்கல் நேர்ந்ததா.

பின்வருவனவற்றைக் கேளுங்கள்: எனது அறுவையில் இதய அறைகள் திறக்கப்படுமா? கழுத்தில் குழாய் போடப்படுமா, எத்தனை நாள் இருக்கும்? அவசரத்தில் இரவு நேரத்தில் யாரை அழைக்க வேண்டும்?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஆபத்துக்காக அறுவையைத் தவிர்க்கலாமா?
வேண்டாம். பழுதான வால்வையோ நுரையீரல் கட்டியையோ சிகிச்சையின்றி விடுவதால் வரும் தீங்கு பெரும்பாலானோருக்கு இதைவிட மிகப் பெரிது. உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

உடலில் புகுந்த காற்று அங்கேயே தங்கிவிடுமா?
தங்காது. அது கரைந்து வெளியேறிவிடும். ஆனால் அடைப்பு இருந்த நேரத்தில் ஆக்ஸிஜன் கிடைக்காத மூளைப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கலாம். நிமிடங்கள் முக்கியமாவது அதனால்தான்.

கை கால் தளர்ச்சி சரியாகுமா?
பாதிப்பின் அளவையும் சிகிச்சை தொடங்கிய நேரத்தையும் பொறுத்தது. பலர் இயன்முறைப் பயிற்சியால் முன்னேற்றம் அடைகின்றனர். பயிற்சியை இடையில் நிறுத்த வேண்டாம்.

குழாய் எடுத்த மறுநாள் வீடு திரும்பினோம்; என்ன கவனிக்க வேண்டும்?
கட்டை மருத்துவர் சொன்ன நேரம் வரை பிரிக்காதீர்கள். துளையிலிருந்து இரத்தம், சீழ், காய்ச்சல், மூச்சுத்திணறல், பேச்சில் மாற்றம் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

எப்போது உதவி கோர வேண்டும்?

மருத்துவமனையில் இருக்கும்போது மேற்கண்ட அறிகுறிகள் தோன்றினால், மருத்துவர் சுற்றுப் பார்வைக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். அப்போதே செவிலியரை அழையுங்கள். வீட்டில் இருந்தால் நோயாளியைப் படுக்க வைத்து, 108 அவசர ஊர்தியை அழையுங்கள். அண்மையில் மார்பு அறுவை நடந்ததையும் கழுத்துக் குழாய் அகற்றப்பட்ட நாளையும் ஊர்தியில் வருபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மருத்துவமனை தந்த வெளியேறும் குறிப்பை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் மருத்துவர் தரும் நேரடி ஆலோசனைக்கு இவை மாற்றாகா.